ஜெனரிக் மருந்து நிறுவனத்தில் சிஎஸ்ஆர் வேலை: புதிதாகச் சேர்ந்தவர் எங்கிருந்து தொடங்குவது?

சமூகப்பணியோ எம்பிஏவோ வேதியியலோ படித்துவிட்டு ஒரு ஜெனரிக் மருந்து நிறுவனத்தின், அதாவது வேறொருவர் கண்டுபிடித்த மருந்தை மலிவாகச் செய்து விற்கும் நிறுவனத்தின், சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்புப் பிரிவில் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் நாள் உங்கள் கையில் தருவது அநேகமாகப் போன வருட ஆண்டறிக்கையும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்த புகைப்படங்களும்தான். அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் பாருங்கள் என்பார்கள். பாருங்கள், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள்.

நான் ஆலைப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்கு வந்தவன். ஆரம்பத்தில் நான் இருந்த, மாத்திரைக்கான மூலமருந்தைச் செய்யும் ஆலை ஒன்றில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தோம். திறப்பு விழா முடிந்து கிளம்பும்போது ஒரு பாட்டி கூப்பிட்டார். "கட்டடம் நல்லா இருக்கு தம்பி. எங்க போர்த் தண்ணி மட்டும் ஏன் இப்படி வருதுன்னு கொஞ்சம் பாரேன்" என்று ஒரு சொம்பை நீட்டினார். தண்ணீர் மஞ்சளடித்திருந்தது. எங்கள் ஆலையால்தான் அப்படியா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள உதவும் ஒரு தாள்கூட என் மேஜையில் இல்லை. கட்டடத்துக்கான ரசீதுகள் மட்டும் வரிசையாக இருந்தன.

மருந்து நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அது செய்யும் மருந்தில் தொடங்குகிறது. அப்புறம் அது வெளியேற்றும் தண்ணீர், அதற்குள் வேலை செய்யும் மனிதர்கள். லாபத்தில் இரண்டு விழுக்காடு செலவழிப்பது அதற்கெல்லாம் பிறகு. இந்த வழிகாட்டியும் ஏறக்குறைய அதே வரிசையில் போகிறது.

முதலில்: உங்கள் நிறுவனம் ஏன் இருக்கிறது?

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. ஒரே மருந்தை வேறு வழியில் செய்யலாம் என்ற கதவு திறந்தது. இந்திய ஜெனரிக் தொழில் அந்தக் கதவு வழியாக வளர்ந்ததுதான். 2005இல் பொருளுக்கான காப்புரிமை திரும்ப வந்தது. அதற்கு முன்பே, 2001இல், எச்ஐவிக்கான மூன்று மருந்துக் கூட்டை ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர சிப்லா முன்வந்தது. அப்போது மேலை நாட்டு நிறுவனங்களின் விலை 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேர் உயிரோடிருக்க அந்த விலை வீழ்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

இதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவான, தரமான மருந்தைவிடப் பெரிய சமூகத்தொண்டை எந்த சிஎஸ்ஆர் நிதியாலும் செய்ய முடியாது. அதே சமயம் ஒரு கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மாத்திரை இவ்வளவு மலிவாகக் கிடைக்க எங்கே செலவு மிச்சமானது? புத்திசாலித்தனமான வேதியியலிலா, பெரிய அளவு உற்பத்தியிலா, அல்லது கழிவுநீர்த் தொட்டியிலும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் கையுறையிலுமா?

முதல் வாரம்: படிக்க வேண்டிய தாள்கள்

ஆண்டறிக்கையை மூடி வைத்துவிட்டு, ஆலையின் சுற்றுச்சூழல், பாதுகாப்புப் பிரிவுக்குப் போங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைக் கேளுங்கள். ஆலையில் இதை கன்சென்ட் என்றுதான் சொல்வார்கள். எந்தப் பொருளை மாதம் எவ்வளவு செய்யலாம், எவ்வளவு கழிவுநீர் வரலாம், அது எங்கே போக வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அடுத்து, சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதமும் அதன் நிபந்தனைகள் பற்றிய ஆறு மாத அறிக்கைகளும். ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் தரவேண்டிய படிவம் 5 என்ற சுற்றுச்சூழல் அறிக்கை. அபாயகரக் கழிவுக்கான அனுமதியும், கழிவு வண்டியோடு போகும் படிவம் 10இன் நகல்களும்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படியுங்கள். முடித்ததும் ஒரே ஓர் ஒப்பீடு போதும்: அனுமதித்த உற்பத்தி அளவு, உண்மையில் செய்த அளவு. இரண்டாவது பெரிதாக இருந்தால், உங்கள் மேலதிகாரியிடம் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

இரண்டாம் வாரம்: தண்ணீரைப் பின்தொடருங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்கப் போகிறேன். ஜெனரிக் மருந்துத் தொழிலுக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்த பொது நிலையம் ஒன்றின் வெளியேற்றத்தை ஸ்வீடனைச் சேர்ந்த யோவாக்கிம் லார்சனின் குழு ஆராய்ந்தது. 2007இல் முடிவுகள் வந்தன. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். அந்த மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். இது சுத்திகரிப்புக்குப் பிறகு வெளியே வந்த தண்ணீர்.

இதில் என்ன ஆபத்து? சுத்திகரிப்பு நிலையத்தின் உயிரியல் தொட்டி வேலை செய்வதே பாக்டீரியாக்களால்தான். ஆன்டிபயாட்டிக் கலந்த நீர் அதற்குள் போனால், சாகாமல் தாக்குப்பிடிப்பவை மட்டும் பெருகும். தாக்குப்பிடிக்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறு இனத்துக்கும் கைமாற்றும். ஆற்றில் இருக்கும் தீங்கில்லாத கிருமியிலிருந்து, மருத்துவமனையில் மனிதனைக் கொல்லும் கிருமிக்கு அது போய்ச் சேரலாம். உயிரைக் காக்கச் செய்த மருந்தையே செல்லாமல் போகச்செய்யும் வேலையை நம் வடிகால் செய்யக்கூடும் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

எவ்வளவு இருந்தால் பாதுகாப்பு? சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மருந்துத் தொழில் கூட்டமைப்பு ஒன்று வைத்திருக்கும் இலக்கு லிட்டருக்கு 0.06 மைக்ரோகிராம். பட்டான்செருவில் கண்ட அளவு இதைப்போல் ஐந்து லட்சம் மடங்கு. இந்தியாவில் ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கு வரம்பு வைக்கும் வரைவு 2020 ஜனவரியில் வந்தது. 2021 ஆகஸ்டில் இறுதி விதிகள் வெளியானபோது அந்த வரம்புகள் இல்லை. 2022இல் அந்தத் தொழில் கூட்டமைப்பு தன் உற்பத்தித் தரநிலையை வெளியிட்டது. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் ஆலைக் கழிவுக்கென்றே வழிகாட்டுதல் தந்தது. ஆக, சட்டம் கேட்கவில்லை என்ற பதில் சரியாக இருக்கலாம். ஆனால் சட்டம் கேட்காததையும் செய்வதற்குத்தானே உங்கள் பிரிவுக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்?

சரி, ஆலைக்குள் என்ன பார்ப்பது? வேதிவினை நடக்கும் கலனான ரியாக்டர் இருக்கும் இடத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். மருந்துப் படிகத்தை வடித்தபின் மிஞ்சும் மதர் லிக்கர் எங்கே போகிறது? அடர்த்தியான அந்தக் கழிவு, கழுவிய நீரோடு கலக்காமல் தனிக் குழாயில் போக வேண்டும். ஆன்டிபயாட்டிக் என்றால் உயிரியல் தொட்டிக்குப் போவதற்கு முன்பே அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். பென்சிலின் வகைகள் காரத்தில் உடைந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை அப்படி எளிதில் உடையாது. ஓசோன் மாதிரி வலுவான ஆக்சிஜனேற்றமோ எரியூட்டலோ வேண்டியிருக்கும். "எல்லாம் ஈடிபிக்குப் போகுது சார்" (ஈடிபி என்றால் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) என்று ஒரே வரியில் பதில் வந்தால், விடாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

உங்கள் ஆலை "ஒரு சொட்டும் வெளியே விடாத" ஆலை என்று சொல்லிக்கொண்டால், கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே வந்த தண்ணீர், ஆவியாகப் போனது, திரும்பப் பயன்படுத்தியது, உப்பாக மூட்டை கட்டி அனுப்பியது. ஒரு பக்கமும் மறுபக்கமும் ஏறக்குறைய சரியாக வர வேண்டும். கழிவுநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கி ஓடிய மணிநேரம் பதிவேட்டில் ஒன்று, நீராவிச் செலவில் வேறொன்று என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கழிவு உப்பு எடுத்தால்தான் நம்புவேன் என்பது என் சொந்த விதி: உப்பு மூட்டை இல்லாத ஆவியாக்கி ஓடவில்லை என்றுதான் பொருள். மழைநீர் வடிகாலையும் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். ஒரு முறையாவது இரவு ஷிஃப்டில் போங்கள்.

மருந்து செய்யும்போது பொருள்களைக் கரைக்கப் பயன்படும் திரவங்களான கரைப்பான்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ மூலமருந்துக்கு 25 முதல் 100 கிலோ வரை, சில சமயம் அதற்கும் மேல், கழிவு வரும் என்பது வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1990களில் காட்டிய கணக்கு. அதில் பெரும்பங்கு கரைப்பான்: டொலுவீன், மெத்தனால், அசிட்டோன், மெத்திலீன் டைகுளோரைடு. இதை வடித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துவது காசையும் மிச்சப்படுத்தும் என்பதால் நிர்வாகத்திடம் பேச எளிதான விஷயம். உங்கள் முதல் வெற்றி பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். மீட்பு விழுக்காட்டைப் பொருள் வாரியாகக் கேளுங்கள். மொத்தச் சராசரி ஒன்றுமே சொல்லாது.

மூன்றாம் வாரம்: தரப் பிரிவின் கதவைத் தட்டுங்கள்

"அது கியூஏ (தர உறுதிப் பிரிவு) வேலை, உங்களுக்கு எதற்கு?" என்பார்கள். எதற்கு என்று சொல்கிறேன்.

1972இல் சென்னையில், 1986இல் மும்பையில், 1998இல் குர்கானில், 2019 கடைசியில் ஜம்முவின் ராம்நகரில், 2022இல் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில். இவ்வளவு இடங்களிலும் மருந்தில் கலந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் உயிர்களைக் குடித்திருக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். சிந்துவாரா இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அந்த நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 விழுக்காடு.

சிரப்பில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலோ கிளிசரினோ மருந்துத் தரத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பதில் மலிவான தொழிற்சாலைத் தரச் சரக்கு வந்தால், அதோடு இந்த நச்சும் கூடவே வரலாம். நிறமில்லை, இனிப்பாகவும் இருக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வந்த ஒவ்வொரு டிரம்மையும், கலவையில் இருப்பதைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் பிடிபட்டிருக்கும்.

ஆகவே தரப் பிரிவில் நான்கு விஷயம் கேளுங்கள். சிரப் செய்கிறோமா, செய்தால் ஒவ்வொரு டிரம்மையும் சோதிக்கிறோமா? சரக்கு தருபவரை நேரில் போய்ப் பார்த்த கடைசித் தேதி என்ன? போன மூன்று ஆண்டில் எத்தனை பேட்ச் திரும்பப் பெற்றோம்? மருந்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும், திருத்திய அட்டவணை எம் விதிகளுக்கு ஆலை முழுவதும் மாறிவிட்டதா? பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் என்றால், திரும்பப் பெற்ற மருந்துகளின் எண்ணிக்கையை, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கையே கேட்கிறது. எனவே கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. இதை எடுத்துச்சொன்னால் கதவு திறக்கும்.

பின் தொழிலாளர்கள்

2024 ஆகஸ்டில் ஆந்திராவின் அச்சுதாபுரத்தில் கரைப்பான் கசிந்து, ஆவி தீப்பிடித்து வெடித்ததில் 17 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 30 அன்று பட்டான்செருவை ஒட்டிய பாஷமைலாரத்தில், மாத்திரையில் சேர்க்கும் செல்லுலோஸ் பொடி செய்யும் ஆலை வெடித்து 40க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வெளி மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அதில் பலர்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் வாசலில் இருக்கிறதா, காண்ட்ராக்ட் தொழிலாளர் பெயரும் அதில் உண்டா என்று பாருங்கள். பாதுகாப்புப் பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது? ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய எச்சரிக்கைப் பலகையால் பயன் இல்லை. வெடிவிபத்து தவிர மெதுவாகத் தாக்கும் ஆபத்தும் உண்டு. ஹார்மோன் மருந்துப் பொடியைச் சுவாசித்து ஆண்களுக்கு மார்பு வளர்வது, பென்சிலின் தூசியால் ஒவ்வாமை வருவது எல்லாம் மருந்துத் தொழிலில் பழைய செய்திகள். ஆண்டு மருத்துவப் பரிசோதனை நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும்தானா, தூசி அதிகமுள்ள இடத்தில் நிற்கும் காண்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டா என்ற ஒரு கேள்வியிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

இப்போது அந்த இரண்டு விழுக்காடு

2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே நிறுவனம் இதற்குள் வரும். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காடு செலவழிக்க வேண்டும். 40, 50, 60 கோடி லாபம் என்றால் சராசரி 50 கோடி, கடமை 1 கோடி. நிர்வாகச் செலவுக்கு அதில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது.

புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில. ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் செய்வது சிஎஸ்ஆர் கணக்கில் வராது. வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வதும் வராது. அதாவது கழிவுநீர் நிலையத்தை மேம்படுத்தியதை இதில் எழுத முடியாது, அது எப்படியும் நிறுவனத்தின் கடமை. சொந்த மாத்திரையைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிட்டு அதற்கு எம்ஆர்பி விலை போட்டுக் கணக்கு காட்டவும் முடியாது. பொருளாகத் தந்ததைப் பணமாக மதிப்பிட்டுச் சேர்க்கக்கூடாது என்று நிறுவன விவகார அமைச்சகம் 2021இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொண்டு நிறுவனம் வழியாகச் செய்தால் அதற்கு சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பல ஆண்டுத் திட்டத்தில் மிஞ்சிய பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும். மற்ற மிச்சம் ஆறு மாதத்துக்குள் அரசு அறிவித்த நிதிகளில் ஒன்றுக்குப் போய்விடும். மார்ச் மாதத்தில் அவசர அவசரமாக ஏதாவது வாங்கிக் கொடுக்கும் பழக்கம் இதனால்தான் வருகிறது. ஜூனிலேயே திட்டமிட்டுவிட்டால் அந்த நெருக்கடி வராது.

மருந்து நன்கொடைக்கு ஒரு தனிச்சொல். கிடங்கில் காலாவதியை நெருங்கும் சரக்கு இருக்கும்போது, "முகாம் வைத்துக் கொடுத்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். போய்ச் சேரும்போது குறைந்தது ஓர் ஆண்டு ஆயுள் இருக்க வேண்டும், பெறுபவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை வழிகாட்டுதல். நம் குப்பையை ஏழையின் வீட்டுக்கு அனுப்புவது தானம் ஆகாது.

பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால், மருந்து தெரிந்தவர்கள் மட்டும் நன்றாகச் செய்யக்கூடியதில் போடச் சொல்வேன். ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சீட்டு இல்லாமல் ஏன் வாங்கக்கூடாது என்று ஊர் மொழியில் சொல்வது, வீட்டில் மிஞ்சிய மருந்தைச் சேகரிக்க ஏற்பாடு செய்வது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்து வைக்கும் குளிர்சாதன வசதி தருவது. கால்நடைக்கும் இது பொருந்தும். வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி, இறந்த மாட்டின் உடல் வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்காக, அந்தப் பக்கத்து மாடு வளர்ப்பவர்களிடம் மெலாக்சிகாம் போன்ற மாற்று மருந்தைக் கொண்டுசேர்ப்பது ஒரு மருந்து நிறுவனத்துக்குப் பொருத்தமான வேலை என்று உறுதியாக நம்புகிறேன்.

அறிக்கையும் கார்பனும்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் இதற்கு ஆலோசகர்கள் வரிசையில் நிற்பார்கள். பங்குச்சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் கட்டாயம். உங்கள் நிறுவனம் அதில் இல்லாவிட்டாலும் வாங்குபவர்கள் விடமாட்டார்கள். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, தனக்கு விற்பவர்களிடம் கார்பன் குறைப்புத் திட்டம் கேட்கிறது. நார்வே 2019இலேயே மருத்துவமனை ஆன்டிபயாட்டிக் டெண்டரில் சுற்றுச்சூழலுக்கு 30 விழுக்காடு மதிப்பெண் வைத்தது.

மாத்திரை ஆலையில் மின்சாரத்தைத் தின்பது பெரும்பாலும் சுத்த அறைகளின் குளிரூட்டலும் காற்றோட்டமும்தான். மூலமருந்து ஆலையில் பாய்லர். இன்ஹேலர் செய்தால் அதில் உந்துவாயுவாக இருக்கும் எச்எஃப்ஏ-134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்கு மேல் வெப்பமேற்றும். கணக்கில் அதுவே முன்னால் நிற்கும். அறிக்கையில் எண்களை ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு இவ்வளவு என்று மட்டும் போடாதீர்கள். விலை ஏறினாலே அந்த எண் அழகாகக் குறைந்துவிடும். ஒரு கிலோ மருந்துக்கு எவ்வளவு என்றும் சேர்த்துப் போடுங்கள்.

மூன்றாம் மாதம்: ஊருக்குப் போங்கள்

இப்போது உங்களிடம் தாள்கள் இருக்கின்றன. ஆலையைச் சுற்றி எத்தனை போர், எத்தனை கிணறு என்று ஒரு வரைபடம் போடுங்கள். நிலத்தடி நீர் ஓடும் திசையில் ஆலைக்கு மேலே இரண்டு, கீழே நான்கு இடம் தேர்ந்தெடுங்கள். மாதிரி எடுக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் கூட நிற்கட்டும். பாட்டிலில் அவரும் கையெழுத்துப் போடட்டும். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்தில் கொடுங்கள். உங்கள் ஆலை பயன்படுத்தும் கரைப்பான்களையும் செய்யும் மருந்துகளையும் சோதனைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் அவை வராது.

நிர்வாகம் தயங்கினால், முடிவு நல்லதாக வந்தால் ஊரில் நம் பேச்சு எடுபடும், கெட்டதாக வந்தால் வழக்கு வருவதற்கு முன் சரி செய்யலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை இந்த வாதம் எடுபடும்.

முடிவுகள் வந்ததும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். எந்த இடம், எந்தத் தேதி, எது வரம்புக்குள், எது வரம்புக்கு மேல், எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்க வேண்டாம், வரம்புக்கு மேல் இருந்தால் நாளையிலிருந்து குடிதண்ணீர் எப்படி வரும், யாரைக் கூப்பிடலாம். ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கிராம சபையில் எழுந்து வாசித்துக் காட்டுங்கள். அப்படியே அடுத்த சோதனைக்கான தேதியையும் அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.